பொமோனாவில் ஒரு நாள்

எங்கள் திருமணம் ஆவணித் திங்களில் கரூரில் நடைபெற்றது. மணம் முடிந்த பத்தாம் நாளே நான் மட்டும் கலிபோர்னியாவுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. எனக்குக் கணிப்பொறி நிறுவனம் ஒன்றில் வேலை. அதற்குமேல் விடுப்புக் கிடைக்கவில்லை. என் மனைவிக்கு விசா கிடைத்து அவள் வந்து சேர்ந்தபோது தை பிறந்துவிட்டது. ஆகவே, பிறர் மணமான வாரத்திலேயே மேற்கொள்ளும் தேனிலவுப் பயணத்தை நாங்கள் ஐந்து திங்கள் கழித்து மேற்கொண்டோம். அப்பொழுதும் நாங்கள் ஒருவருக்கொருவர் புதியவர்களாகவே இருந்தோம். தொலைபேசியில் நாள்தோறும் பேசியது உண்மைதான். ஆனால், உணவு ஆயிற்றா, உடல் நலமா என்பவற்றைக் கடந்து அப்பேச்சு நெடுந்தூரம் சென்றதில்லை.

அவள் வந்திறங்கிய அன்று நிகழ்ந்த சிறு செய்தி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். என்னுடைய கார் பழையது. அதன் வலப்பக்கக் கதவில் ஒரு பள்ளம் இருந்தது. கடைவாயில் ஒன்றில் யாரோ பின்னோக்கி வந்து இடித்துவிட்டுப் போனதன் அடையாளம் அது. வானூர்தி நிலையத்தில் நான் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, அவள் அக்கதவின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல ஒருமுறை தடவினாள். வந்த முதல் நாளே வண்டியின் குறை கண்ணில் பட்டுவிட்டதே என்று எனக்குக் கூச்சமாயிற்று. “விரைவில் சரிசெய்துவிடலாம்” என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

என் மாமனார் பேருந்துகளுக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். கரூர் அத்தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அடிச்சட்டமும் எஞ்சினும் சக்கரங்களும் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வரும். அவற்றின்மேல் சுவரும் கூரையும் இருக்கையும் படிக்கட்டும் அமைத்துப் பேருந்தாக்கி அனுப்புவது அவ்வூர்ப் பட்டறைகளின் வேலை. மறுவீட்டு விருந்துக்குச் சென்ற நாளில் நான் அப்பட்டறையை எட்டிப் பார்த்தேன். வெல்டிங் பொறியும், தகடு அடிக்கும் ஓசையும், காற்றில் மிதந்த பட்டித் தூசியும் என்னை வாயிலிலேயே நிறுத்திவிட்டன. அன்று மாலை உணவுக்குப்பின் மாமனாரிடம், “இனி எதற்கு மாமா இந்தத் தூசியும் சத்தமும்? ஒரே மகளும் அமெரிக்காவுக்கு வரப்போகிறாள். நல்ல விலை வந்தால் கொடுத்துவிட்டு ஓய்வாக இருங்களேன்” என்றேன். நன்மை கருதிச் சொன்னதாகவே எனக்கு நினைவு. அவர் தலையசைத்தார். என் மனைவி இலைகளை எடுத்துக்கொண்டு உள்ளே சென்றாள்.

பயணத்துக்கு நான் ஒரு தாளில் திட்டம் எழுதி வைத்திருந்தேன். சான் ஓசேயிலிருந்து புறப்பட்டு, பசிபிக் கடலை ஒட்டிச் செல்லும் முதலாம் எண் நெடுஞ்சாலை வழியாகத் தெற்கே இறங்கி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண்டு, பின் கிழக்கே திரும்பி யோசுவா மரப் பாலைவனத்தில் இரண்டு நாள் தங்குவது என்பது ஏற்பாடு. மான்டரே நகரைத் தாண்டியதும் மலை கடலுக்குள் இறங்கும் காட்சி தொடங்குகிறது. 1932ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பிக்ஸ்பி பாலம் அங்கே ஆழ்ந்த பள்ளத்தாக்கு ஒன்றின்மேல் ஒரே வளைவாக நிற்கிறது. வண்டியை நிறுத்தினேன். எல்லாரும் கடலைப் பார்த்து நின்றார்கள். என் மனைவி பாலத்தின் வளைவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெற்கே பியத்ராஸ் பிளாங்காஸ் கரையில் யானைக் கடல்நாய்கள் குட்டிகளோடு மணலில் கிடந்து முழங்கிக்கொண்டிருந்தன. அங்கும் நின்றோம். எங்கு நிறுத்தினாலும் அவள் “நன்றாக இருக்கிறது” என்றாள். என் திட்டத்தில் குறையொன்றும் இல்லை. ஆயினும், வகுப்பாசிரியரோடு சுற்றுலா வந்த மாணவியைப்போல அவள் வருகிறாளே என்று எனக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்தது.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை. காலையில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பத்தாம் எண் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தோம். பின்னாலிருந்து கனத்த ஓசை ஒன்று எழுந்து, எங்கள் வண்டியைத் தாண்டிச் சென்றது. கூரையற்ற சிறு வண்டிகள் ஆறு, ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அவற்றுக்கு மட்கார்டு இல்லை. சக்கரங்கள் வெளியே தெரிந்தன. சிலவற்றில் எஞ்சினை மூடும் தகடும் இல்லை. ஓட்டியவர்கள் பெரும்பாலும் முதியவர்கள். தைக் குளிரில் கம்பளிக் குல்லாய் அணிந்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து அமர்ந்திருந்தார்கள்.

என் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அவற்றின் பின்னே போங்கள்” என்றாள்.

“எங்கே?”

“அவை எங்கே போகின்றனவோ, அங்கே.”

மணமானபின் அவள் என்னிடம் கேட்ட முதல் பொருள் அதுதான் என்று சொல்லலாம். பாலைவனத்தில் அறைக்கு முன்பணம் கட்டியிருந்த நினைவு எனக்கு வந்தது. எனினும், அந்த ஆறு வண்டிகளும் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்தபோது நானும் பிரிந்தேன்.

அவை சென்ற இடம் பொமோனா. லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ முப்பது மைல் தொலைவிலுள்ள ஊர். வடக்கே பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட மலை தலையில் பனியோடு நிற்க, அதன் அடிவாரச் சமவெளியில் ஃபேர்பிளெக்ஸ் என்னும் பெரிய பொருட்காட்சித் திடல் இருக்கிறது. அங்கே தைத் திங்களில் மூன்று நாள் நடைபெறும் மோட்டார் வண்டிக் கண்காட்சிக்கு ‘கிராண்டு நேஷனல் ரோட்ஸ்டர் ஷோ’ என்று பெயர். ரோட்ஸ்டர் என்றால் நிலையான கூரையும் பக்கக் கண்ணாடியும் இல்லாத இருவர் வண்டி. 1950ஆம் ஆண்டில் ஓக்லண்டு நகரில் தொடங்கிய இக்கண்காட்சி 2004ஆம் ஆண்டில் பொமோனாவுக்கு வந்தது. இங்கே காணப்படும் வண்டிகளுள் பெரும்பாலானவற்றை ஹாட் ராட் என்பார்கள்.

ஹாட் ராட் இன்னதென்று அறியாதவர்க்குச் சிறிது விளக்குதல் வேண்டும். எனக்கும் அன்று தெரியாது. பாதியை அங்கிருந்த அட்டைகளில் படித்தேன், பாதியை என் மனைவி சொன்னாள்.

ஹென்றி ஃபோர்டு 1908 முதல் 1927 வரை ‘டி’ வகைக் கார்களை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்து விற்றார். அதன்பின் ‘ஏ’ வகை வந்தது. 1932ஆம் ஆண்டில் எட்டு உருளைகளை ‘வி’ வடிவில் ஒரே வார்ப்பாக வார்த்த எஞ்சினைக் குறைந்த விலைக் காரிலேயே அமைத்துக் கொடுத்தார். அதன் ஆற்றல் 65 குதிரைத்திறன். இன்றைய கணக்கில் அது சிறிது. ஆனால், அதுவரை செல்வரின் வண்டிகளுக்கே உரியதாயிருந்த எட்டு உருளை எஞ்சின் எளியவரின் கைக்கு எட்டியது அப்பொழுதுதான். இவ்வண்டிகள் பழையனவாகிக் காயலான் கடைக்கு வந்தபோது, கலிபோர்னியாவின் இளைஞர்கள் அவற்றைச் சில டாலர்களுக்கு வாங்கினார்கள். வேகத்துக்கு உதவாத எதையும் கழற்றி எறிந்தார்கள். மட்கார்டு போயிற்று; பம்பர் போயிற்று; கூரை இருந்தால் அதன் கால்களை வெட்டித் தாழ்த்தினார்கள். பாடியையே அறுத்து அடிச்சட்டத்தின்மேல் கீழிறக்கி வைத்தார்கள். எஞ்சினை இரவெல்லாம் பிரித்துக் கூட்டினார்கள்.

மலைகளுக்கு அப்பால் மொகாவி பாலைவனத்தில் மூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிகள் உள்ளன. நீரற்ற ஏரிப்படுகை பலகைபோல மட்டமாக மைல் கணக்கில் கிடக்கும். அங்கே சென்று யாருடைய வண்டி எவ்வளவு வேகம் ஓடுகிறது என்று அளந்து பார்த்தார்கள். 1937ஆம் ஆண்டில் இக்குழுக்கள் ஒன்றுகூடித் தென் கலிபோர்னியாக் கார் ஓட்டச் சங்கத்தை அமைத்தன. இரண்டாம் உலகப் போர் முடிந்து படையிலிருந்து திரும்பிய இளைஞர் பலர் அங்கே எந்திர வேலை கற்றிருந்தார்கள். அவர்களால் இக்கலை மேலும் பெருகியது. 1948 ஜனவரியில் இதற்கென்றே ஓர் இதழ் தோன்றியது.

இதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. எல்லாராலும் பாலைவனம் செல்ல முடியவில்லை. ஊர்த் தெருக்களிலேயே நள்ளிரவில் போட்டியிட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. பொதுமக்கள் இவ்வண்டிகளைக் கண்டாலே முகம் சுளித்தார்கள். அவ்விதழின் ஆசிரியராக இருந்த வாலி பார்க்ஸ் என்பவர் 1951ஆம் ஆண்டில் ‘தேசிய ஹாட் ராட் சங்கம்’ ஒன்றை நிறுவினார். தெருவில் ஓடுவோரைத் திட்டித் திருத்த இயலாது. ஓடுவதற்கு வேறிடம் கொடுத்தால்தான் தெருவை விடுவார்கள் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அதன் முதல் அதிகார முறையான போட்டி 1953ஆம் ஆண்டில் இதே பொமோனாத் திடலில், வண்டி நிறுத்துமிடத்தில் நடைபெற்றது. வாலி பார்க்ஸின் பெயரால் அமைந்த அருங்காட்சியகமும் அத்திடலிலேயே இருக்கிறது. அதனுள் நாங்கள் அரைமணி நேரமே இருந்தோம். அவளுக்குக் கண்காட்சியின் நினைவு.

கூடங்கள் பெரியவை. தரையில் விரிப்பிட்டு, வண்டியின் அடிப்பாகம் தெரியும்படி கீழே கண்ணாடி வைத்து, விளக்கொளியில் நிறுத்தியிருந்தார்கள். அரக்குச் சிவப்பு, பழுத்த எலுமிச்சை, நள்ளிரவு நீலம் என வண்ணங்கள் நீர்போல ஒளிர்ந்தன. ஒரு மூலையில் மெல்லிய நீள்மயிர்த் தூரிகையால் வண்டியின்மேல் கோடிழுக்கும் ஓவியர் ஒருவர் மூச்சடக்கிக்கொண்டிருந்தார். கோலமிடும் பெண்ணின் விரலைப்போல அவர் கை தயங்காமல் சென்றது. நடுக்கூடத்தில் ஒன்பதடி உயரப் பரிசுக் கோப்பை நின்றது. ஆண்டுதோறும் ‘அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர்’ என்று தேர்ந்தெடுக்கப்படும் வண்டியின் உரிமையாளர் பெயரை அதில் பொறிக்கிறார்கள். 1950ஆம் ஆண்டில் முதன்முதல் அப்பரிசைப் பெற்றது பில் நீகாம்ப் என்பவருடைய 1929ஆம் ஆண்டு ஃபோர்டு. அவர் அந்த வண்டியைப் பின்பு பந்தயத்திலும் ஓட்டினார். இன்று அப்பரிசுக்குப் போட்டியிடும் வண்டிகளுட் சிலவற்றைப் பார்த்தபோது, இவை மழையில் நனைந்ததுண்டோ, ஒரு மைலேனும் புழுதியில் ஓடியதுண்டோ என்று ஐயம் எழுந்தது. காயலான் கடையில் பிறந்த கலை இவ்வளவு பட்டு விரிப்பின்மேல் வந்து நிற்பது எனக்கு முழுதும் உவப்பாகவில்லை. என் மனைவியோ அப்படி எண்ணவில்லை. “ஓடாவிட்டால் என்ன? இந்த மடிப்பைப் பாருங்கள். இணைத்த இடம் தெரிகிறதா?” என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. “தெரியக் கூடாது. அதுதான் வேலை” என்றாள்.

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கயிற்றுக்கு அப்பால் குனிந்தும், பக்கவாட்டில் சாய்ந்தும், தகட்டின்மேல் விளக்கின் நிழல் எப்படி வளைகிறது என்று பார்த்தாள். நிழற்கோடு நெளிந்தால் தகடு சமமாக இல்லை என்று பொருளாம். பட்டி பூசி மறைத்த இடம் எது, சுத்தியலாலேயே சமன் செய்த இடம் எது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். வண்ணத்தைப் பற்றி அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதை நான் பின்னரே நினைத்துப் பார்த்தேன்.

உச்சிப்பொழுதுக்குப்பின் வெளித்திடலுக்கு வந்தோம். காலையில் எங்களைத் தாண்டிச் சென்றவை போன்ற வண்டிகள் அங்கே வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் மடக்கு நாற்காலியில் உரிமையாளர் அமர்ந்திருந்தார். வரிசைக் கடைசியில், மேற்பூச்சுக் காணாமல் சாம்பல் நிறப் பிரைமரோடு ஒரு வண்டி நின்றது. 1930ஆம் ஆண்டு ‘ஏ’ வகை. அதன் உரிமையாளர் எண்பதை நெருங்கியவர். வயற்காட்டில் கோழிகள் அடைந்து கிடந்த பாடியை எடுத்துவந்து பதினோராண்டு உழைத்ததாகச் சொன்னார்.

என் மனைவி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். “தொடலாமா?” என்று கேட்டாள். அவர் “தொடு மகளே” என்ற பொருள்பட ஏதோ சொன்னார். அவள் பின்பக்கத் தகட்டின்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல இழுத்தாள். வானூர்தி நிலையத்தில் என் கார்க் கதவை அவள் தடவியது அப்பொழுது என் நினைவில் தைத்தது. அன்று அவள் குறை காணவில்லை. பள்ளம் எவ்வளவு ஆழம், தகடு எங்கே இழுபட்டிருக்கிறது என்று பார்த்திருக்கிறாள்.

“வலப்பக்கம் பழைய தகடு. இடப்பக்கம், இங்கிருந்து கீழே, புதிது. நீங்கள் செய்தது” என்றாள்.

முதியவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “நேற்றிலிருந்து எத்தனையோ பேர் பார்த்தார்கள், ஒருவரும் சொல்லவில்லை. எப்படிக் கண்டாய்?”

“பழைய தகட்டில் எழுபது எண்பது இடத்தில் சிறு மேடு பள்ளம் இருக்கிறது. இது அதைவிட ஒழுங்காக இருக்கிறது.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். எங்கே கற்றாய் என்று கேட்டார். தன் தந்தையின் பட்டறையில் என்றாள். அதன்பின் அவர்கள் இருவரும் பேசியதில் நான் பார்வையாளனே. அவர் வண்டியின் பின்பெட்டியைத் திறந்து, மணல் நிரப்பிய தோற்பை ஒன்றையும் மரச்சுத்தியலையும் எடுத்துக் காட்டினார். தகட்டைப் பையின்மேல் வைத்து அடித்தால் அது குழியும். பின்னர் இரண்டு உருளைகளுக்கு நடுவே விட்டு ஓட்டினால் வழுவழுப்பாக வளையும். “எங்கள் வீட்டில் மணற்பை இல்லை. புளியமரக் கட்டையில் குழி செதுக்கி, அதன்மேல் தகட்டை வைத்துக் கொட்டாப்புளியால் அடிப்பார் அப்பா” என்றாள் அவள். கொட்டாப்புளி என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். நன்றாக வரவில்லை.

அவள் இன்னொன்றும் சொன்னாள். தொழிற்சாலையிலிருந்து பேருந்தின் அடிச்சட்டம் கரூருக்கு வரும்போது அதற்குச் சுவரும் கிடையாது, கூரையும் கிடையாது. ஓட்டுநர் திறந்த வெளியில் அமர்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வெயிலிலும் மழையிலும் நூற்றுக்கணக்கான கல் ஓட்டி வருவார். சிறு வயதில் அவள் பட்டறை வாயிலில் நின்று அவ்வண்டிகளின் வரவைப் பார்த்திருப்பாளாம். “நான் முதலில் அறிந்த வண்டிகள் உங்கள் வண்டியைப் போன்றவைதாம். பாடி கட்டி முடிந்து வண்ணம் அடித்து வெளியே போகும் நாளில் எனக்கு அழுகை வரும்” என்றாள். காலையில் நெடுஞ்சாலையில் அவள் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தாள் என்பது எனக்கு அப்பொழுது விளங்கிற்று. நானும் நெடுஞ்சாலைகளில் அத்தகைய அடிச்சட்டங்கள் போகக் கண்டவன்தான். ஆனால், அவை எங்கே போகின்றன என்று ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

முதியவர் என்னையும் மறந்துவிடவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். கணிப்பொறி என்றேன். “என் மகன்கள் இருவரும் அதுதான்” என்று சொல்லிப் பெருமூச்சு விட்டார். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. ஆயினும், நான் வண்டியின் விளக்கைப் பார்ப்பவன்போல் திரும்பிக்கொண்டேன்.

இதுவே தம் கடைசி வண்டி என்று அவர் சொன்னார். தோள் வலி, பட்டறையைப் போன ஆண்டு ஒழித்துவிட்டார். கடைசல் எந்திரத்தையும் உருளை எந்திரத்தையும் வாங்க வந்தவர் நல்ல மனிதர், நல்ல விலை கொடுத்தார். “ஆனால், ஆறு மாதமாகக் காலையில் காப்பிக் கோப்பையோடு அந்த இடத்துக்குத்தான் போய் நிற்கிறேன். தரையில் நான்கு துளைகள் இருக்கின்றன, எந்திரம் நின்ற இடத்தில்” என்றார்.

என் மனைவி அதற்குமேல் பேசவில்லை. அவர் கையைப் பற்றி விடைபெற்றுக்கொண்டாள்.

திடலின் ஓரத்தில் ஒரு விசிப்பலகையில் அமர்ந்தோம். நான் காப்பி வாங்கி வந்தேன். அவள் குடிக்காமல் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து, “புதன்கிழமை பத்திரம் எழுதுகிறார்கள்” என்றாள்.

“எந்தப் பத்திரம்?”

“பட்டறையை விற்கும் பத்திரம். வாங்குபவர் அங்கே துணிக் கிடங்கு கட்டப் போகிறார். எந்திரங்களைத் தனியாக எடைக்குக் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு.”

நான் திகைத்தேன். “என்னிடம் ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டேன். கேட்டபின்தான் அக்கேள்வியின் வெட்கம் எனக்கே தெரிந்தது.

அவள் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: “நீங்கள்தாமே சொன்னீர்கள், இனி எதற்கு என்று? மாப்பிள்ளை வாயால் வந்ததை அப்பா ஒருமுறை கேட்டால் போதும். அதற்கு முந்திய வாரம்வரை, நான் எந்திரவியல் படித்ததே இதற்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். பேருந்துக்குப் பாடி கட்டப் புதிய விதிகள் வந்தபின் சிறிய பட்டறைகளுக்கு வரைபடமும் சான்றிதழும் பெரிய பாடாயிற்று. அந்த வரைபடங்களை நான்தான் போட்டேன். மூன்று ஆண்டுகள் போட்டேன். மேஸ்திரியோடு நின்று கதவு வளைக்கவும் கற்றுக்கொண்டேன். பெண் பார்க்க வந்தபோது உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள். பட்டறையில் நிற்கும் பெண் என்றால் அமெரிக்க மாப்பிள்ளை என்ன நினைப்பாரோ என்று பெரியம்மாவுக்குப் பயம்.”

அவள் கோபமாகப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் வரவு செலவு படிப்பவள்போல அமைதியாகப் பேசினாள். ஐந்து திங்களாக நாள்தோறும் தொலைபேசியில் என் உணவைப் பற்றி விசாரித்த குரலும் அதுதான். நான் அவளிடம் ஒருநாளும், மணத்துக்குமுன் காலையில் எழுந்தால் நீ எங்கே போவாய், என்ன செய்வாய் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

“நீ இங்கே இருக்கும்போது பட்டறையை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டேன். தடை சொல்வதற்காக அன்று. உண்மையிலேயே எனக்குத் தெரியவில்லை.

“எனக்கும் தெரியவில்லை. மேஸ்திரி இருக்கிறார். வரைபடத்தை இங்கிருந்தும் போடலாம். ஆண்டுக்கு மூன்று மாதம் போய் வரலாம். அப்படியும் முடியாமல் போகலாம். மூடத்தான் வேண்டுமென்றால் மூடலாம். ஆனால், நீங்கள் வாயிலில் நின்று பார்த்ததற்காக அதை மூட வேண்டாம்.”

அப்பொழுது பொமோனாவில் மாலை ஐந்து மணி. கரூரில் ஞாயிறு காலை ஆறரை. மாமனார் எழுந்து பட்டறைக்கு நீர் தெளித்திருப்பார் என்றாள். ஞாயிற்றுக்கிழமையும் அவர் போவாராம். வேலையில்லாத நாளில்தான் பட்டறையின் ஓசை கேட்கும் என்பாராம். அது என்ன ஓசை என்று நான் கேட்கவில்லை. தொலைபேசியை எடுத்து நானே அழைத்தேன்.

“மாப்பிள்ளையா? எல்லாரும் நலமா? இந்நேரத்தில் என்ன?” என்று பதறினார்.

“நலந்தான் மாமா. புதன்கிழமை பத்திரம் எழுத வேண்டாம்” என்றேன். வேறு எப்படித் தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. “அன்று நான் தெரியாமல் சொன்னேன். நாங்கள் கோடையில் வருகிறோம். வந்து உட்கார்ந்து பேசுவோம். அதுவரை எந்திரங்களை எடைக்குப் போடாதீர்கள்.”

மறுமுனையில் வெகுநேரம் பேச்சில்லை. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று எண்ணினேன். பின்னர் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “நீங்கள் இப்போது எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டார்.

பழைய கார்களுக்குப் புதிதாகப் பாடி கட்டிக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், அதைப் பார்க்க வந்தோம் என்றேன்.

“அப்படியா! தகடு என்ன கேஜ் போடுகிறார்கள்?”

எனக்கு விடை தெரியவில்லை. தொலைபேசியை அவளிடம் கொடுத்தேன். “பதினெட்டு, அப்பா” என்று அவள் தொடங்கினாள். “இல்லை, பட்டி இல்லை, அடித்தே வளைத்திருக்கிறார்... ஆமாம், ஒற்றைத் தகடு... மணல் மூட்டையின்மேல் வைத்து, அப்பா, மணல் மூட்டை!” காப்பி ஆறிப்போயிற்று. திடலில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாக உயிர்பெற்று வண்டிகள் வாயிலை நோக்கி நகரத் தொடங்கின. சாம்பல் நிற வண்டி எங்களைக் கடந்தபோது முதியவர் கையை உயர்த்தினார். அவள் தொலைபேசியை அந்தப் பக்கம் நீட்டி, “கேளுங்கள் அப்பா, இதுதான்” என்றாள்.